செத்துப்போன ரவுட்டரை சீரியல் கேபிள் மூலம் எழுப்புவது எப்படி?

ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை ஏற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அல்லது, பக்கத்து மாடலுக்கான கோப்பை இதற்கு ஏற்றிவிட்டீர்கள். இப்போது பவர் விளக்கு மட்டும் எரிகிறது. வைஃபை பெயர் தெரியவில்லை, 192.168.1.1 திறக்கவில்லை, ரீசெட் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் வலித்ததுதான் மிச்சம்.

இந்த நிலையில் இருக்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை முழுதாகச் செத்தவை அல்ல. ஃபர்ம்வேர் பதிந்திருக்கும் ஃபிளாஷ் சிப்பின் தொடக்கத்தில் பூட்லோடர் என்ற சிறிய நிரல் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது அதுதான். ஃபர்ம்வேரைத் தேடி எடுத்து ஓடவைப்பது அதன் வேலை. வழக்கமான ஃபர்ம்வேர் புதுப்பிப்பு அந்தப் பகுதியைத் தொடுவதில்லை. ஆகவே ஃபர்ம்வேர் கெட்டுப்போனாலும் பூட்லோடர் ஒவ்வொரு முறையும் எழுந்து, தான் செய்வதையும் தனக்கு வரும் பிழையையும் சர்க்யூட் போர்டில் உள்ள சீரியல் முனையில் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கிறது. அதைப் படிக்கவும், பதிலுக்குக் கட்டளை கொடுக்கவும்தான் சீரியல் கேபிள்.

மூடியைத் திறப்பதற்கு முன்

பல ரவுட்டர்களில் தயாரிப்பாளரே ஒரு மீட்பு வழி வைத்திருப்பார். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், சில டி-லிங்க் மாடல்கள் 192.168.0.1 முகவரியில் ஒரு சிறிய மீட்புப் பக்கத்தைத் திறக்கும். டிபி-லிங்க் மாடல்கள் பல, 192.168.0.66 முகவரியில் உள்ள கணினியிடம் கோப்பைக் கேட்கும். உங்கள் மாடலுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

இன்னொன்று. சுவர் அடாப்டர் வழியே 12 வோல்ட் வாங்கும் ரவுட்டர்களை மட்டும் திறங்கள். வீட்டு மின்சாரம் நேராகப் பெட்டிக்குள் போகும் மாடல் என்றால் அதைத் தொடக்கநிலையில் இருப்பவர் திறக்கக் கூடாது.

தேவையானவை

முக்கியமானது யூஎஸ்பி-டிடிஎல் கேபிள், இங்கே சீரியல் கேபிள் என்பது இதுதான். அதன் உள்ளே எஃப்டி232, சிபி2102, சிஎச்340 போன்ற ஒரு சிப் இருக்கும், எதுவானாலும் சரி. கவனிக்க வேண்டியது மின்னழுத்தம்தான்: அது 3.3 வோல்ட்டில் வேலை செய்ய வேண்டும். சில கேபிள்களில் 3.3, 5 என்று மாற்றும் ஜம்பர் இருக்கும், 3.3 பக்கம் வையுங்கள். பழைய கணினிகளின் பின்புறம் இருக்கும் ஒன்பது பின் சீரியல் போர்ட்டை நேராக இணைத்துவிடாதீர்கள். அது ஆர்எஸ்-232 வகை. அதன் மின்னழுத்தம் 12 வோல்ட் வரைகூடப் போகும், எதிர்மறையாகவும் மாறும். ரவுட்டரின் சிப் அதைத் தாங்காது.

இதைத் தவிர மல்டிமீட்டர், மூன்று ஜம்பர் வயர், ஒரு லேன் கேபிள், ஸ்க்ரூ டிரைவர். போர்டில் பின்கள் இல்லாமல் துளை மட்டும் இருந்தால் சால்டரிங் அயர்னும் நான்கு பின் கொண்ட ஒரு ஹெடரும் வேண்டும்.

கேபிளை ரவுட்டரில் மாட்டுவதற்கு முன் தனியாகச் சோதித்துவிடுங்கள். கணினியில் செருகி, கேபிளின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஆர்எக்ஸ் (பெறும் முனை) இரண்டையும் ஒரு வயரால் ஒன்றோடொன்று இணையுங்கள். டெர்மினல் மென்பொருளில் (கீழே வரும் புட்டி போன்றது) எதைத் தட்டினாலும் அதே எழுத்து திரையில் திரும்பி வர வேண்டும். வந்தால் கேபிளும் டிரைவரும் சரி. இந்தச் சோதனையைச் செய்யாமல் போனால், பிறகு திரை வெறுமையாக இருக்கும்போது குற்றம் கேபிளிலா ரவுட்டரிலா என்று தெரியாமல் அல்லாட வேண்டியிருக்கும்.

நான்கு துளைகளைக் கண்டுபிடித்தல்

போர்டில் ஒரே வரிசையில் நான்கு துளைகளோ நான்கு பின்களோ இருக்கும். சில போர்டுகளில் பக்கத்திலேயே பெயர் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் முதலில் ரவுட்டர்களுக்கான இலவச ஃபர்ம்வேர் திட்டமான ஓபன்டபிள்யூஆர்டியின் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்தைப் பாருங்கள். பின் வரிசை, வேகம் இரண்டும் படத்தோடு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மாடல் பெயரோடு பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். ஒரே பெயரில் முதல் பதிப்பில் ஒரு சிப்பும் மூன்றாம் பதிப்பில் வேறொரு சிப்பும் இருப்பது சாதாரணம். அடிப்பக்க ஸ்டிக்கரில் அந்த எண் இருக்கும்.

தகவல் கிடைக்காவிட்டால் மல்டிமீட்டரால் நீங்களே கண்டுபிடிக்கலாம். மின்சாரம் இல்லாதபோது, மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து ஒரு முனையை லேன் போர்ட்டின் உலோக உறையில் வையுங்கள். எந்தத் துளையில் பீப் ஒலி வருகிறதோ அது கிரவுண்ட். உலோக உறை இல்லாத போர்டில் பவர் சாக்கெட்டின் வெளி வளையத்தைப் பிடித்துப் பார்க்கலாம்.

அடுத்து டிசி வோல்ட் நிலைக்கு மாற்றி, மின்சாரம் கொடுத்து மற்ற மூன்றையும் கிரவுண்டோடு அளக்கவும். அசையாமல் 3.3 வோல்ட் காட்டுவது விசிசி, அதாவது மின்சார முனை. மின்சாரம் கொடுத்த முதல் சில நொடிகளில் எண் மேலும் கீழும் தடுமாறி, பிறகு 3.3க்கு அருகில் நிற்பது டிஎக்ஸ். எழுத்துகள் போகும்போது அந்த முனை 3.3க்கும் 0க்கும் இடையே மிக வேகமாக மாறுகிறது. அதைப் பின்தொடர முடியாத மீட்டர் சராசரியைக் காட்டுகிறது, அதனால்தான் தடுமாற்றம். எஞ்சியது ஆர்எக்ஸ். தடுமாற்றம் சரியாகத் தெரியவில்லை என்றால் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்து இன்னொரு முறை பாருங்கள். மீட்டர் முனை வழுக்கி இரண்டு துளைகளை ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது. கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

இணைப்பு

கிரவுண்டுக்குக் கிரவுண்ட். ரவுட்டரின் டிஎக்ஸ் கேபிளின் ஆர்எக்ஸுக்கு. ரவுட்டரின் ஆர்எக்ஸ் கேபிளின் டிஎக்ஸுக்கு. விசிசியை இணைக்கவே கூடாது. ரவுட்டர் தன் சொந்த அடாப்டரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி வழியாகவும் மின்சாரம் நுழைந்தால் ஏதாவது ஒன்று புகையும்.

டெர்மினலுக்கு விண்டோஸில் புட்டி போதும். டிவைஸ் மேனேஜரில் எந்த காம் போர்ட் எண் வந்திருக்கிறது என்று பார்த்து அதைக் கொடுங்கள். லினக்ஸில் மினிகாம் அல்லது ஸ்கிரீன். அமைப்பு: டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கண்ட்ரோல் கட்டாயம் நிறுத்தம். வேகம் முதலில் 115200. ராலிங்க், மீடியாடெக் சிப்கள் பலவற்றில் 57600.

இப்போது ரவுட்டருக்கு மின்சாரம் கொடுங்கள். வரிகள் ஓடினால் பாதி வேலை முடிந்தது. புரியாத குறிகளாகக் கொட்டினால் வேகம் தவறு, மற்றொன்றைப் போடுங்கள். ஒன்றுமே வரவில்லையா? டிஎக்ஸ், ஆர்எக்ஸ் வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். கிரவுண்ட் வயர் சரியாகத் தொடுகிறதா என்றும் பாருங்கள். வரிகள் வருகின்றன, ஆனால் நீங்கள் தட்டுவது எதுவும் போகவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை ஃப்ளோ கண்ட்ரோல் நிறுத்தப்படாமல் இருக்கும். சில போர்டுகளில் கேபிள் மாட்டியிருந்தால் ரவுட்டரே எழாது. கேபிளின் டிஎக்ஸ் முனையிலிருந்து கசியும் மின்சாரம் சிப்பைக் குழப்புவதுதான் காரணம். அங்கே அந்த ஒரு வயரை மட்டும் கழற்றிவைத்து, மின்சாரம் கொடுத்த மறுகணம் மாட்ட வேண்டும்.

வரிகளைப் படியுங்கள்

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் இடம் இது. உடனே புதிய ஃபர்ம்வேரை எழுதத் தொடங்காதீர்கள். டெர்மினலில் வந்த அனைத்தையும் ஒரு கோப்பில் சேமித்து மெதுவாகப் படியுங்கள். நோய் என்னவென்று அதில் எழுதியிருக்கிறது.

'பேட் மேஜிக் நம்பர்' என்ற வரி வந்தால், பூட்லோடர், கெர்னல் (ஃபர்ம்வேரின் மைய நிரல்) இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்து, அங்கே கெர்னல் இல்லை என்று திரும்பியிருக்கிறது. யூ-பூட் என்ற பரவலான பூட்லோடர் பயன்படுத்தும் பழைய வகைக் கோப்புகளின் முதல் நான்கு பைட்டுகள் 27 05 19 56 என்றுதான் இருக்கும். அந்த எண் இல்லையென்றால் அது மேற்கொண்டு நகராது. தவறான கோப்பை ஏற்றியதாலோ, அழித்த பிறகு எழுதாமல் நின்றுபோனதாலோ இது வரும்.

'பேட் டேட்டா சிஆர்சி' என்றால் தொடக்கம் சரி, நடுவில் எங்கோ கெட்டிருக்கிறது. எழுதும்போது மின்சாரம் போனதற்கான அடையாளம் பெரும்பாலும் இதுதான். 'கெர்னல் பேனிக்' என்று வந்து, ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை என்று சொன்னால் கெர்னல் ஓடுகிறது, அதற்குப் பின்னால் உள்ள பகுதிதான் கெட்டது. இந்த மூன்றுக்குமே மருந்து ஒன்று: சரியான ஃபர்ம்வேரை மறுபடி எழுதுவது.

கெர்னல் முழுதாக எழுந்து, கடைசியில் கட்டளைக்காகக் காத்து நிற்கிறது என்றால் ஃபர்ம்வேர் நன்றாகவே இருக்கிறது. நெட்வொர்க் அமைப்பை யாரோ குழப்பியிருக்கிறார்கள். அங்கிருந்தே அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் முடிந்தது, எதையும் எழுத வேண்டாம். இதைப் படிக்காமல் ஃபிளாஷை அழித்தவர்கள் உண்டு.

கணினியைத் தயார் செய்தல்

சீரியல் வழியே முழு ஃபர்ம்வேரையும் அனுப்ப முடியும், ஆனால் பொறுமை வேண்டும்: 115200 வேகத்தில் நொடிக்குச் சுமார் 11 கிலோபைட்தான் போகும். ஆகவே கட்டளை மட்டும் சீரியலில், கோப்பு லேன் கேபிளில். அதற்கு, லேன் வழியே கோப்பைத் தரும் எளிய மென்பொருளான டிஎஃப்டிபி சர்வர் ஒன்றைக் கணினியில் ஓடவிட வேண்டும். விண்டோஸில் டிஎஃப்டிபிடி64, லினக்ஸில் டிஎன்எஸ்மாஸ்க்.

கணினியின் ஐபி முகவரியைக் கையால் அமையுங்கள். ராலிங்க் வகைப் பூட்லோடர்கள் வழக்கமாக ரவுட்டருக்கு 10.10.10.123, கணினிக்கு 10.10.10.3 என்று எடுத்துக்கொள்ளும். வேறு சிப்களில் 192.168 என்று தொடங்கும். ஃபயர்வாலைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். டிஎஃப்டிபி கேட்பது யுடிபி 69ஆம் போர்ட்டில், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் தடுத்துவிடும். ரவுட்டர் அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் லேன் இணைப்பு அறுந்து, கணினி சுதாரிப்பதற்குள் நேரம் கடந்துவிடுவதும் உண்டு. நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச் வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

கோப்பின் பெயரைச் சுருக்கிவிடுங்கள், இடைவெளி வேண்டாம். தயாரிப்பாளர் தரும் கோப்பின் பெயரில் 'பூட்' என்ற சொல் இருந்தால் உஷார்: அதில் பூட்லோடரும் சேர்ந்திருக்கலாம். அதை அப்படியே ஃபர்ம்வேர் இடத்தில் எழுதினால் எல்லாம் இடம் பெயர்ந்து உட்காரும்.

எழுதுதல்

மீடியாடெக், ராலிங்க் ரவுட்டர்களில் மின்சாரம் கொடுத்த சில நொடிகள் ஒரு பட்டியல் காட்டப்படும். 1 என்றால் கோப்பை நினைவகத்தில் (ரேம்) மட்டும் ஏற்றி ஓட்டுவது. 2 என்றால் ஃபிளாஷில் எழுதுவது. 3 வழக்கமான தொடக்கம், 4 கட்டளை வரி. 7, 9 இரண்டும் பூட்லோடரையே மாற்றுபவை. அவற்றின் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். மாடலுக்கு மாடல் பட்டியல் சற்று மாறும் என்பதால் திரையில் இருப்பதைப் படித்துவிட்டே எண்ணை அழுத்துங்கள்.

என் பரிந்துரை எப்போதும் முதலில் 1. ஓபன்டபிள்யூஆர்டி தரும் 'இனிட்ராம்எஃப்எஸ்' கோப்பு முழுவதும் நினைவகத்திலேயே ஓடும், ஃபிளாஷில் ஒரு பைட் மாறாது. அது எழுந்துவிட்டால் சிப், நினைவகம், லேன் எல்லாம் நலம் என்று தெரிந்துவிடும். அந்த நிலையில் இருக்கும்போதே ஃபிளாஷின் எல்லாப் பகுதிகளையும் கணினிக்கு நகல் எடுங்கள். குறிப்பாக 'ஃபேக்டரி' அல்லது 'ஏஆர்டி' என்ற பெயரில் உள்ள சிறிய பகுதி. வைஃபை ரேடியோவைத் தொழிற்சாலையில் சரிபார்த்த அளவுகள் அதில் இருக்கின்றன. பெரும்பாலும் மேக் முகவரியும் அங்கேதான். இவை ஒவ்வொரு பெட்டிக்கும் தனி. தொலைந்தால் எந்தத் தளத்திலும் இறக்கிக்கொள்ள முடியாது. பிறகு, ஃபிளாஷில் எழுதுவதற்கான 'சிஸ்அப்கிரேட்' கோப்பை ஏற்றி நிரந்தரமாக எழுதலாம்.

நேராக 2 அழுத்தினால், ஃபிளாஷில் இருப்பதை அழிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்றதும் ரவுட்டர் ஐபி, கணினி ஐபி, கோப்பின் பெயர் என்று வரிசையாகக் கேட்கும். கொடுத்ததும் # குறிகள் வரிசையாக நகரும். ஆங்கில 'டி' எழுத்துகளாக வந்தால் கணினி பதில் தரவில்லை என்று பொருள். ஐபியையும் ஃபயர்வாலையும் பாருங்கள்.

பட்டியல் இல்லாத பூட்லோடர்களில் எண்ணிக்கை இறங்கும்போது ஏதாவது ஒரு விசையைத் தட்டி நிறுத்த வேண்டும். ஒரு நொடிதான் கிடைக்கும் என்பதால், மின்சாரம் கொடுக்கும்போதே தட்டத் தொடங்குங்கள். சில பழைய டிபி-லிங்க் மாடல்களில் 'டிபிஎல்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அந்த நொடிக்குள் தட்ட வேண்டும். அதன்பின் ஏற்று, அழி, நகலெடு என்று மூன்று கட்டளைகள், முகவரிகளோடு. அவற்றை மாடலின் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள். பழைய அதிரோஸ் ரவுட்டர்கள் பலவற்றில் ஃபிளாஷ் 9எஃப்000000 என்ற முகவரியில் தொடங்கும், முதல் 128 கிலோபைட் பூட்லோடர், ஃபர்ம்வேர் 9எஃப்020000இல். அந்த ஒற்றை 2 விடுபட்டால் அழிவது பூட்லோடர். ஏற்றும் கட்டளை முடிந்ததும் எத்தனை பைட் வந்தது என்று திரை காட்டும். கணினியில் உள்ள கோப்பின் அளவோடு அது பொருந்திய பிறகே அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள்.

எழுதி முடித்து மறுதொடக்கம் ஆனதும் முதல் முறை எழ அதிக நேரம் எடுக்கும், அமைப்புகளுக்கான பகுதியை அது தயார்செய்கிறது. அடாப்டரைத் தொட வேண்டாம். கணினியின் ஐபியைத் தானாகப் பெறும் நிலைக்கு மாற்றிவிட்டு, பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள்.

பூட்லோடரும் போயிருந்தால்

பின்கள் சரி, கேபிள் சோதித்தாயிற்று, இரண்டு வேகங்களிலும் பார்த்தாயிற்று, ஆனாலும் ஒரு எழுத்துகூட வரவில்லை என்றால் சீரியல் வழி முடிந்தது. ஃபிளாஷ் சிப்பையே நேராக எழுத வேண்டும். அது எட்டுக் கால் கொண்ட சிறிய சிப்பாக இருந்தால் சிஎச்341ஏ வகை புரோகிராமரும் அதன் மேல் கவ்வும் கிளிப்பும் போதும். அதற்கும் முதல் வேலை, இருப்பதை நகல் எடுப்பது: பூட்லோடர் அழிந்திருந்தாலும் ரேடியோ அளவுகள் இன்னும் அங்கே இருக்கலாம். ஃபிளாஷ் 4 மெகாபைட் மட்டுமே உள்ள பழைய ரவுட்டருக்கு இவ்வளவு மெனக்கெடுவது வீண் என்பது என் கருத்து. ஓபன்டபிள்யூஆர்டியே இன்று குறைந்தது 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் நினைவகமும் கேட்கிறது. 16 மெகாபைட் உள்ள பெட்டி என்றால் கிளிப்பை வாங்கலாம்.