டூர் வந்த இடத்துல போன் தொலைஞ்சா ஜிமெயில், வாட்ஸ்அப், ஜிபே எல்லாம் மீட்குறது எப்படி

நவக்கிரகம் சுத்த வர்றவங்க கும்பகோணத்துல ரூம் போட்டுட்டு ஒன்பது கோயிலையும் ரெண்டே நாள்ல முடிச்சிடணும்னு ஓடுறாங்க, அந்த ஓட்டத்துல பஸ் நெரிசல்ல போன் போயிடுது. எங்க சித்தப்பாவுக்கு அதான் ஆச்சு, உக்காந்து எல்லாத்தையும் மீட்டுக் குடுத்தது நான். ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் சொல்றேன், ஐபோனுக்கு வழி வேற.

முதல்ல லாக். கூட வந்தவங்க போன்ல ஆண்ட்ராய்ட் டாட் காம் ஸ்லாஷ் லாக் போங்க. ரிமோட் லாக் முன்னாடியே ஆன்ல இருந்தா உங்க நம்பர் போட்டாலே போதும், ஸ்க்ரீன் பூட்டிக்கும். பாஸ்வேர்ட் ஞாபகம் இருந்தா ஃபைண்ட் ஹப்ல (பழைய ஃபைண்ட் மை டிவைஸ்தான்) போன் எங்க இருக்குன்னு பாருங்க. அவசரப்பட்டு எரேஸ் குடுக்காதீங்க, குடுத்துட்டா அப்புறம் லொகேஷன் காட்டாது.

அடுத்து பேங்க். ஏடிஎம் கார்டு பின்னாடி இருக்க நம்பருக்கு அடிச்சு யுபிஐ, மொபைல் பேங்கிங் ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க.

ஸ்டேஷன். போலீஸ்ல புகார் குடுத்து சிஎஸ்ஆர் காப்பி (புகாரைப் பதிஞ்சதுக்கு குடுக்குற ரசீது) வாங்கிக்கங்க, கடைசில வேணும்.

டூப்ளிகேட் சிம். நிறைய பேரு ஆதார் கார்டையும் போன் கவருக்குள்ளயே சொருகி வச்சிருக்காங்க, சித்தப்பாவும்தான். கார்டு போனாலும் ஆதார் நம்பர் தெரிஞ்சா கைரேகை வச்சு சிம் வாங்கிடலாம். புது சிம் ஆக்டிவேட் ஆனதும் பழைய சிம் செத்துடும், அதனால எடுத்தவன் கைக்கு ஓடிபி போகாது.

இப்பதான் எல்லாரும் மாட்டுற இடம். சிம்ல டவர் வந்துடும், கால் வரும், நெட் ஓடும், ஆனா ஓடிபி மட்டும் வரவே வராது. கடைக்காரர் ஏமாத்திட்டாருன்னு சண்டைக்குப் போயிடாதீங்க, சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் உள்ளயும் வராது வெளியயும் போகாது, டெலிகாம் துறை போட்ட விதி அது, திருட்டுத்தனமா நம்ம நம்பர்ல சிம் வாங்கி பேங்க் காசை உருவுறவனைத் தடுக்குறதுக்காக. இது தெரியாம ரீசெண்ட் ரீசெண்ட்னு அமுக்கிட்டே இருந்தா கூகுள், வாட்ஸ்அப் எல்லாம் "கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க"ன்னு கதவைச் சாத்திடும், அந்த காத்திருப்பு தனிக் கணக்கு. அதனால அந்த ஒரு நாள் ஓடிபி பக்கமே போகாதீங்க. கால் வரும்ல, அதை வச்சு ஆகுற வேலையை முடிங்க.

ஜிமெயில். லாகின் பண்ணா "உங்க போன்ல யெஸ் அமுக்குங்க"ன்னு கேக்கும், எந்த போன்லன்னா தொலைஞ்ச போன்லதான்! கீழ "ட்ரை அனதர் வே" இருக்கும், அதை அமுக்குங்க. பேக்கப் கோட் (போன் கையில இல்லாதப்ப உள்ள போறதுக்கு கூகுள் குடுக்குற நம்பர்) எழுதி வச்சவங்க பாக்கியசாலி. இல்லாதவங்க லாட்ஜ்ல கிடைச்ச கம்ப்யூட்டர்ல எல்லாம் முட்டிப் பாக்காதீங்க, வழக்கமா லாகின் பண்ற மெஷின், வழக்கமான இடம்னா கூகுள் சீக்கிரம் நம்பும். சித்தப்பா வீட்டு லேப்டாப்ல ஜிமெயில் ஏற்கனவே திறந்தே இருந்துச்சு, தம்பிக்கு போன் போட்டு செக்யூரிட்டி பக்கத்துல பத்து பேக்கப் கோட் எடுக்கச் சொல்லி, ஒண்ணை வாசிக்கச் சொன்னேன், உள்ள போயாச்சு. அந்த கோட் நம்பரை குரூப்ல அனுப்பிடப் போறாங்க, காதால கேட்டு எழுதிக்கங்க.

வாட்ஸ்அப். எஸ்எம்எஸ்சுக்குப் பதிலா "கால் மீ" குடுங்க, கால்லயே கோட் சொல்லும். ஆனா ஜிமெயிலை முடிச்சிட்டு இதுக்கு வாங்க, ஏன்னா சாட் பேக்கப் கூகுள் அக்கவுண்ட்லதான் கிடக்கு, ரீஸ்டோர் கேக்குறப்ப அவசரத்துல ஸ்கிப் பண்ணா வெறும் வாட்ஸ்அப்தான் மிஞ்சும். டூ ஸ்டெப் பின் (வாட்ஸ்அப்ல நாமளே போட்டு வைக்கிற ரகசிய நம்பர்) மறந்து, மெயிலும் குடுக்காம இருந்தா ஏழு நாள் காத்திருக்கணும்.

ஜிபே. இதுக்கு 24 மணி நேரம் முடியட்டும். யுபிஐ ஆப் நம்ம சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் ரெஜிஸ்டர் ஆகும், அது போகாதே. ஆனதுக்கு அப்புறமும் முதல் நாள் ₹5,000 வரைக்கும்தான் அனுப்ப முடியும். அதுவரைக்கும் செலவுக்கு என்ன பண்றதுன்னா, பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் இணைச்சிருந்தா போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க் மித்ரா (ஊருக்குள்ள இருக்க பேங்க் ஏஜெண்ட்) கிட்டயோ கைரேகை வச்சு காசு எடுக்கலாம்.

கடைசியா ஐஎம்இஐ பிளாக், அதாவது ஒவ்வொரு போனுக்கும் இருக்க தனி நம்பரை வச்சு அந்த போனையே முடக்குறது. டெலிகாம் துறையோட சஞ்சார் சாத்தி சைட்ல சிஇஐஆர்னு (தொலைஞ்ச போனை முடக்குற) பகுதி இருக்கு. சிஎஸ்ஆர் காப்பி, ஐஎம்இஐ நம்பர் (போன் டப்பாவுல இருக்கும்), அப்புறம் ஓடிபி வேணும், அதனால இதுவும் மறுநாள் வேலை. குடுக்குற ரிக்வெஸ்ட் ஐடியை பத்திரமா வைங்க, போன் கிடைச்சா அன்பிளாக் பண்ண அதுதான் கேக்கும்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர்ல (லாகினுக்கு கோட் காட்டுற ஆப்) கோட் வச்சிருந்தவங்க, சிங்க் ஆன்ல இருந்துச்சுன்னா ஜிமெயில் வந்ததுமே கோடும் வந்துடும். எனக்கு அதே மாதிரி இன்னொரு ஆப், ஏஜிஸ்தான் பிடிக்கும், பேக்கப் ஃபைலை நாமளே பாஸ்வேர்ட் போட்டு பென்டிரைவ்ல வச்சுக்கலாம்.

அப்டேட்: திருநள்ளாறுல போனைத் தொலைச்சவர் ஒருத்தர் கும்பகோணம் ஸ்டேஷன்ல புகார் குடுக்கலாமான்னு கேட்டாரு. திருநள்ளாறு காரைக்கால் மாவட்டம், அதாவது புதுச்சேரி போலீஸ். சிஇஐஆர்லயும் தொலைஞ்ச மாநிலம், மாவட்டம், ஸ்டேஷன்னு கேக்கும், அதனால அங்கயே குடுத்துட்டு பஸ் ஏறுங்க. இன்னொருத்தருக்கு சிம் கடையில கைரேகையே ஏறலயாம், பாத்தா ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணி வச்சிருக்காரு. அதைத் திறக்கவும் ஓடிபி கேக்கும், அதனால வேற ஒரிஜினல் ஐடியை வீட்டுல இருந்து வரவழைச்சுதான் சிம் வாங்கினாரு.