மழையில் ஏற்றினால் வெயிலில் இறக்கு

என் தோள்பையில் எப்போதும் மல்டிமீட்டர், 5 மி.மீ. தடிமனுள்ள டெஸ்ட் பீஸ், 0.5 ஓம் ஷன்ட் (இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துச் சோதிக்கும் ரெசிஸ்டன்ஸ்), பேனா, ஒரு துண்டு இருக்கும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் 24 வருஷமாக ரயில்வே சிக்னல் பராமரிப்பில் இருக்கிறேன். புதுப் பசங்கள் வந்தால் பையைத் திறந்துதான் வேலை சொல்லிக்கொடுப்பேன்.

முதலில் பேனா. ஒரே ஒரு கம்பியைக் கழற்றுவதென்றாலும் டி/351 படிவத்தில் டிஸ்கனெக்ஷன் மெமோ (துண்டிக்க அனுமதி கேட்கும் சீட்டு) எழுதி, ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு, கும்மிடிப்பூண்டி லோக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நேரத்தில், எந்த மாஸ்டரும் சட்டென்று கொடுத்துவிட மாட்டார். கோபப்படாதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி கேளுங்கள். வேலை முடிந்ததும் சோதித்துப் பார்த்து ரீகனெக்ஷன் மெமோவும் கொடுக்க வேண்டும். 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸ், நம் லைனில் தினமும் போகிற வண்டிதான். லொகேஷன் பாக்ஸில் (லைன் ஓரம் சிக்னல் வயர்கள் சேரும் பெட்டி) நடந்த தவறான வயரிங்கைத்தான் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

அடுத்தது பாயிண்ட், அதாவது வண்டி ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாறுகிற இடம். டங் ரயிலின் (நகரும் தண்டவாளம்) நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி, அதற்கும் ஸ்டாக் ரயிலுக்கும் (நகராத தண்டவாளம்) நடுவில் டெஸ்ட் பீஸை வையுங்கள். மாஸ்டரிடம் சொல்லி பாயிண்டை ஓட்டச் சொல்லுங்கள். மோட்டார் ஓட வேண்டும், கிளட்ச் வழுக்க வேண்டும், பாயிண்ட் பூட்டக் கூடாது, மாஸ்டரின் பேனலில் செட் ஆனதாகக் காட்டவும் கூடாது. பூட்டிக்கொண்டால் அட்ஜஸ்ட்மென்ட் தப்பு. இரண்டு பக்கமும் பாருங்கள். விரலை உள்ளே விடாதீர்கள், இதைச் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும்.

நான் அதிகம் பாடம் கற்றது டிராக் சர்க்யூட்டில். ஒரு முனையில் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கிறோம், மறுமுனையில் ரிலே (மின்சாரம் வந்தால் எழுந்து, நின்றால் விழும் சுவிட்ச்) நிற்கிறது. வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். மழைக்காலத்தில் ஜல்லிக்குள் சேறும் குப்பையும் ஊறிக் கிடப்பதால் மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். வண்டியே இல்லாமல் ரிலே விழும். கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் மேல் போன் வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில் நான் செய்தது இதுதான்: மின்சாரம் கொடுக்கிற ஃபீட் முனையில் ரெசிஸ்டன்ஸைக் குறைத்து மின்சாரத்தை ஏற்றினேன். ரிலே எழுந்துவிட்டது, நானும் சந்தோஷமாகக் கிளம்பினேன். கூட இருந்த பெரியவர் கேட்டார்: "தம்பி, நாளைக்கு வெயிலடிச்சா?"

ஜல்லி காய்ந்தால் கசிவு குறையும். ஏற்றி வைத்த மின்சாரம் முழுக்க ரிலேவுக்குப் போகும். வண்டி நின்றாலும் ரிலே விழாமல் போகலாம். சும்மா சிவப்பு எரிந்தால் ஜனம் நம்மைத் திட்டும், அவ்வளவுதான். வண்டி நிற்கிற லைன் காலியாக இருப்பதாகக் காட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு நனைந்துகொண்டே திரும்பிப் போனேன்.

அதனால் முதலில் டிரெயினேஜ், பாண்ட் வயர் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் கம்பி), இன்சுலேஷன் ஜாயின்ட் (மின்சாரம் அடுத்த பகுதிக்குப் போகாமல் தடுக்கும் இணைப்பு) எல்லாவற்றையும் பாருங்கள். வண்டிகள் பிரேக் போடுகிற இடங்களில் இரும்புத் தூள் ஜாயின்ட்டில் படிந்து பாலம் போட்டுவிடும், துடைத்துவிடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியதை ரெஜிஸ்டரில் எழுதி, காய்ந்த பிறகு இறக்குங்கள். ஏற்றினாலும் இறக்கினாலும் 0.5 ஓம் ஷன்ட்டைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வைத்து, ரிலே விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். எண்ணூர் பக்கம் உப்புக் காற்று. வண்டி அதிகம் ஓடாத லூப் லைனில் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் லைன்) தண்டவாளத்தின் மேல் துரு படியும், அங்கே சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சரியாகச் சேர்க்காது. அந்த லைன்களைத் தனியாகக் கவனியுங்கள்.

அப்புறம் துண்டு. அது வியர்வை துடைக்க. வெயில் தாங்காமல் தலையோடு காதையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. பக்கத்து லைனில் கூட்ஸ் கடகடவென்று போகும்போது, நம் லைனில் வருகிற யூனிட் வண்டியின் (மின்சார லோக்கல்) சத்தம் கேட்கவே கேட்காது. கூட ஒருவரைப் பார்வைக்கு நிறுத்துங்கள், காதைத் திறந்தே வையுங்கள்.