எடைகுறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மது: பழைய அளவு செல்லாது

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிடாவெட்டு. ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆனவர் பந்தலில் இருக்கிறார். "சும்மா ஒரு கட்டிங் போடு மாப்ள, ஒன்னைய என்ன செஞ்சிரப் போகுது" என்று மச்சான் டம்ளரை நீட்டுகிறார். முதல் தவறு அந்த டம்ளரைப் பழைய கண்ணால் அளப்பது.

கட்டிங் என்றால் 90 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் அது சுமார் 30 கிராம் சுத்த ஆல்கஹால். இரைப்பை பைபாஸ் (எடைகுறைப்பு ஆபரேஷனில் ஒரு வகை) செய்தவருக்கு 30 மில்லி அளவுள்ள சின்னப் பைதான் இரைப்பையாக மிஞ்சியிருக்கிறது. அது நேராகச் சிறுகுடலில் இணைகிறது. முன்பு மதுவைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, ஒரு பகுதியை அங்கேயே உடைத்த இரைப்பை இப்போது வழியில் இல்லை. அதனால் சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் உச்சம் தொடும். பைபாஸ் செய்த பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு டிரிங்க் (ஒரு டிரிங்க் என்றால் சுமார் 14 கிராம் ஆல்கஹால்) குடித்தபோதே ரத்தத்தில் நான்கு டிரிங்க் குடித்த அளவு ஏறியிருந்தது. ஸ்லீவ் என்ற இன்னொரு வகை ஆபரேஷனிலும் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். "எனக்கு ஸ்லீவ்தானே" என்ற தைரியம் வேண்டாம்.

ஏறிய வேகத்தில் கிறுகிறுப்பு தணிந்ததும் 'தெளிஞ்சிருச்சு' என்று அடுத்த ரவுண்டு ஊற்றுவதும், வண்டிச் சாவியை எடுப்பதும் அடுத்த தவறு. ரத்தத்தில் மது இன்னும் இருக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம்.

எல்லாவற்றிலும் மோசமானது, தள்ளாடுகிறவரைப் பார்த்து "போதை, தூங்கட்டும்" என்று ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுப் போவது. இந்த ஆபரேஷன் ஆனவரிடம் போதைபோலத் தெரிகிற வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, சர்க்கரை இறங்குவது. சாப்பாடு குறைவு, ஈரல் மதுவை உடைப்பதில் முனைந்திருக்கும்போது புதிதாகச் சர்க்கரை செய்யாது. இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. வியர்வை, நடுக்கம், உளறல் இருந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, வைட்டமின் பி1 (தயாமின்) குறைவு. நாள்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கும், வைட்டமின் மாத்திரையை விட்டுவிட்டு மது குடிப்பவருக்கும் இது வரும். பார்வை இரண்டாகத் தெரியும், கண் ஆடும், கால் பின்னும், பேச்சு குழம்பும். குடிக்காத நாளிலும் இப்படி இருந்தால் அது போதையே இல்லை. தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிலைத்துவிடும். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் டியூட்டி டாக்டரிடம் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லுங்கள்; குளுக்கோஸ் ஏற்றும்போது தயாமின் ஊசியும் போயாக வேண்டும்.

'முதல் வருஷம் தாண்டியாச்சு, இனி பயமில்லை' என்ற நினைப்பும் தவறுதான். 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம் பேருக்கு இருந்த மதுப் பிரச்சினை, இரண்டாம் ஆண்டில் 9.6 ஆகியிருந்தது. செக்கப்புக்குப் போவது குறைகிற நேரமும் அதுதான். போனாலும் டாக்டர் கேட்டால் "எப்பவாவது" என்று மழுப்பாமல், எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள் என்று சொல்லுங்கள்.

ஒரு குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது. குறைந்த எடை அந்த வழியாகவும் திரும்பும். மறுநாள் தலைவலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போடாதீர்கள். பைபாஸ் இணைப்பில் புண் வரும்.

தினமும் குடிக்கிறவர் வீறாப்பாக ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்துவதும் ஆபத்து. முதல் இரண்டு நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிறகு பிதற்றல் வரலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அல்லது அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். போகும்போது ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.