பிரதேச சபைக்கு வெளிநாட்டுக் காசு வந்தா கணக்குக் கேக்கிறது எப்பிடி

இலங்கையின்ர வடக்கு கிழக்குப் பிரதேச சபைகளுக்கு வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கிக் கனகாலம். 2010ல உலக வங்கி நெல்சிப் எண்ட உள்ளூராட்சிச் சேவை மேம்பாட்டுத் திட்டத்த 5 கோடி டொலரோட தொடங்கினது, பிறகு ஆஸ்திரேலியாவும் சேர்ந்தது, 2019ல எல்டிஎஸ்பி எண்ட உள்ளூர் அபிவிருத்தித் திட்டத்துக்கு இன்னொரு 7 கோடி, கூடவே ஐரோப்பிய ஒன்றியத்தின்ர நன்கொடை. உலக வங்கி தந்தது கடன், கட்டப்போறது நாங்கள், அதால கேக்கிறதுக்கு வெக்கப்பட ஒண்டுமில்ல.

முதல்ல சரியான கந்தோருக்குப் போங்கோ. பிரதேச செயலகம் கொழும்பு அரசாங்கத்தின்ரது, பிரதேச சபைதான் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிஞ்செடுக்கிறது, கன பேர் செயலகத்துக்குப் போய் வெறுங்கையோட திரும்பி வருகினம். 2023 மார்ச்சில சபைகள் முடிஞ்சு 2025 மே தேர்தல் வரைக்கும் செயலாளர்தான் எல்லாம், இப்ப உறுப்பினர் இருக்கினம், உங்கட வட்டார உறுப்பினரப் பிடியுங்கோ.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ன் 12ஆம் இலக்கம். சபையின்ர தகவல் அலுவலரிட்ட தமிழிலயே எழுதிக் குடுங்கோ, ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, குடுத்ததுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளிய வராதேங்கோ. 14 வேலை நாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும்.

என்ன கேக்கிறது எண்டதுதான் முக்கியம். "திட்ட விபரம் தரவும்" எண்டு பொதுவா எழுதினா பொதுவாத்தான் பதில் வரும். கொந்தராத்துத் தொகை, பிஓகியூ (என்னென்ன வேலை, எவ்வளவு அளவு, என்ன விலை எண்டு இருக்கிற பட்டியல்), வரைபடம், முடியவேண்டிய திகதி எண்டு தனித்தனியாக் கேளுங்கோ. பிஓகியூ கையில வந்தா வரி வரியாப் பாருங்கோ, மீன் சந்தை எண்டா டைல்ஸ் எத்தின சதுர அடி எண்டு இருக்கும், கழிவுத்தண்ணி போற வாய்க்கால் எங்க போய் முடியுது எண்டு இருக்கா? கடைசியா, திட்டம் முடிஞ்ச பிறகு பராமரிப்புக்கு சபை பட்ஜெட்டில எந்தத் தலைப்பில எவ்வளவு ஒதுக்கியிருக்கு எண்டு கட்டாயம் கேளுங்கோ, நான் பாத்த அளவில கட்டிடங்கள் பாழாப்போறது இந்தப் பதில் இல்லாமத்தான். கட்ட முதலே கேக்கோணும், ரிப்பன் வெட்டின பிறகு கேட்டு என்ன செய்யிறது.

அதே சட்டத்தின்ர 9ஆம் பிரிவு கன பேருக்குத் தெரியாது. 1 லட்சம் டொலருக்கு மேல வெளிநாட்டு நிதியில நடக்கிற வேலையெண்டா தொடங்க மூண்டு மாதத்துக்கு முன்னமே அந்த வேலைக்குப் பொறுப்பான அமைச்சர் மக்களுக்கு அறிவிக்கோணும், அவசர வேலைக்கு மட்டும் ஒரு கிழமை. வெளிநாட்டுக் காசில பெரும்பாலும் ஓடி மக்களுக்குச் சேவை செய்யிற என்ஜிஓக்களும் அந்தச் சேவையப் பற்றிக் கேட்டா சட்டப்படி பதில் தரோணும்.

சபைக் குழுக்களில உறுப்பினர் அல்லாத ஊராக்களையும் சேர்க்க 1987ம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்திலயே இடமிருக்கு, உங்கட சனசமூக நிலையத்தில இருந்து ஒராளை, முக்கியமா சந்தையில யாவாரம் செய்யிற ஒரு பொம்பிளைய, போடச்சொல்லிக் கடிதம் குடுங்கோ.

தகவல் கேட்டதுக்குப் பதில் வராட்டி 14 நாளுக்குள்ள சபையின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டப் பாக்கிறவர்) மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி ரெண்டு மாதத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. முதல் பற்றுச்சீட்டின்ர பிரதி அங்க தேவைப்படும்.