வகுப்புக்கு ஒரு வலைத்தளம்: கூகுள் சைட்ஸில் முதல் அடியிலிருந்து

வகுப்பு வலைத்தளத்தைத் திறப்பவர் யார் என்பதை முதலில் மனதில் வையுங்கள். இரவு எட்டு மணி, வேலை முடிந்து வந்த அம்மாவோ அப்பாவோ, கையில் போன். அவருக்கு வேண்டியது "இன்னைக்கு என்ன வீட்டுப்பாடம்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில். விரலால் தள்ளித் தேடாமலே அந்தப் பதில் கண்ணில் பட்டுவிட்டால் தளம் உருப்படும். இல்லையென்றால், எத்தனை அழகாக இருந்தாலும் இரண்டாம் வாரம் யாரும் திறக்க மாட்டார்கள்.

படி 1: கணக்கும் கட்டமைப்பும்

வகுப்புக்கென்று தனி ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். 15 ஜிபி இடம் இலவசமாகக் கிடைக்கும். பணிமாறுதல் வந்தால் அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைப்பதும் எளிது.

கூகுள் சைட்ஸ் என்பது வலைத்தளம் உருவாக்கக் கூகுள் இலவசமாகத் தரும் கருவி. கணினியில், உலாவியின் முகவரிப் பட்டையில் 'சைட்ஸ் டாட் நியூ' (sites.new) என்று ஆங்கிலத்தில் தட்டினால் வெற்றுத் தளம் திறக்கும். மேலே இருக்கும் பெரிய பேனர் போன் திரையில் வீணாக இடம் பிடிக்கும். அதன்மேல் மவுஸை வைத்து, 'ஹெடர் டைப்' என்பதில் 'டைட்டில் ஒன்லி' தேர்ந்தெடுங்கள்.

வலப்பக்கம் 'பேஜஸ்' பகுதியில் மூன்று பக்கங்கள் சேர்த்தால் போதும்: பாடக்குறிப்பு, தேர்வு அட்டவணை, தொடர்பு. வீட்டுப்பாடத்துக்குத் தனிப் பக்கம் வேண்டாம். அது முகப்பிலேயே இருக்கட்டும்.

படி 2: வீட்டுப்பாடம்

பலர் தடுக்கி விழும் இடம் இது. கூகுள் சைட்ஸில் திருத்தம் செய்யக் கணினி வேண்டும், போனில் நடக்காது. தினமும் கணினி முன்னால் உட்கார முடியாததால் தளம் பத்தாம் நாளே பழசாகிவிடும்.

வழி இருக்கிறது. வீட்டுப்பாடத்தை ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பில் எழுதுங்கள். தளத்தில் 'இன்சர்ட்', பிறகு 'டிரைவ்' என்று போய் அந்தக் கோப்பை முகப்பில் பதியுங்கள். அதன்பின் போனில் உள்ள டாக்ஸ் ஆப்பில் திருத்தினால் போதும், தளத்திலும் மாறிவிடும்.

கோப்பைப் பழைய ஏ4 அளவிலேயே விட்டுவிடாதீர்கள். போனில் பக்கம் சுருங்கி எழுத்து எறும்பாகிவிடும். 'பேஜ் செட்டப்' சென்று ஏ5 ஆக்கி, ஓரம் 1 செ.மீ., எழுத்து அளவு 18 என்று வையுங்கள். இன்றைய தேதி எப்போதும் மேலே. ஒரு வாரத்துக்கு முந்தையதை நீக்கிவிடுங்கள். "கணக்கு: பயிற்சி 2.3, 4 முதல் 7 வரை, வெள்ளிக்குள்" என்ற அளவில் எழுதினால் பெற்றோர் மறுபடி கேட்க வேண்டியிருக்காது.

படி 3: அனுமதி

பதித்த கோப்பு உங்களுக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. கோப்பின் உரிமையாளராக நீங்கள் உள்நுழைந்திருப்பதால் இந்தத் தவறு உங்கள் கண்ணில் படவே படாது. தளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டாலும் அதிலுள்ள டிரைவ் கோப்புகள் தாமாகத் திறந்துகொள்ளாது. ஒவ்வொரு கோப்பிலும் 'ஷேர்' அழுத்தி, 'ரெஸ்ட்ரிக்டட்' என்பதை 'எனிஒன் வித் த லிங்க்' என மாற்றுங்கள். பக்கத்தில் 'வியூவர்' என்றே இருக்க வேண்டும். 'எடிட்டர்' என்றால் யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம்.

படி 4: பழைய எழுத்துரு

பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளை அப்படியே ஒட்டினால், 'கணக்கு' என்ற சொல் எஃப், இசட், எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப் என்று வந்து நிற்கும். பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதே காரணம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால், எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள். அவசரமென்றால் பிடிஎஃப் ஆக்கி ஏற்றலாம், ஆனால் அதைப் போனில் படிப்பது சிரமம்.

படி 5: வெளியிடுவது

'பப்ளிஷ்' அழுத்தினால் முகவரி கேட்கும். ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு போதும். ஆண்டைச் சேர்க்காதீர்கள், அடுத்த ஜூனில் மாற்ற வேண்டிவரும். தேடுபொறிகளில் காட்ட வேண்டாம் என்ற தேர்வையும் அங்கேயே 'டிக்' செய்யுங்கள். பின்னால் பக்கங்களில் எதை மாற்றினாலும் மீண்டும் 'பப்ளிஷ்' அழுத்தினால்தான் வெளியே தெரியும்.

வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும்போது கவனம். 'எடிட்' என்று முடியும் முகவரி உங்களுக்கு மட்டுமானது. அதை அனுப்பினால் பெற்றோர் ஒவ்வொருவரும் அனுமதி கேட்கும் நிலை வரும். நடுவே 'வியூ' என்ற சொல் உள்ள முகவரியே சரி.

குழந்தைகளின் படம், பெயர், மதிப்பெண் எதையும் தளத்தில் போட வேண்டாம். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, 31 மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் பெயரைத் தெருவே பார்க்க வேண்டிய தேவை என்ன? தொடர்புப் பக்கத்தில் உங்கள் போன் எண்ணுக்குப் பதில், பெற்றோர் நிரப்பி அனுப்பும் இணையப் படிவமான கூகுள் ஃபார்ம் வையுங்கள்.

கடைசியாக, போனில் 'இன்காக்னிட்டோ' சாளரத்தில் (உங்கள் கணக்கில் உள்நுழையாத தனிச் சாளரம்) தளத்தைத் திறந்து, பதித்த எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் திறந்தால், குரோமில் அந்தப் பக்கத்துக்குக் கியூஆர் குறியீடு உருவாக்கி, 3 செ.மீ. அளவில் அச்சிட்டு, டைரியின் முதல் அட்டைக்குள் ஒட்டச் சொல்லுங்கள். பாடநூலில் ஏற்கெனவே பார்த்துப் பழகியது என்பதால் பிள்ளைகளே வீட்டில் ஸ்கேன் செய்து காட்டிவிடுவார்கள்.