மழை வரலாம், அநேகமா வரும், வந்தே தீரும்: இதையெல்லாம் இங்கிலீஷ்ல எப்படி சொல்றது?

நாளைக்கு நடக்கப்போறத பத்தி இங்கிலீஷ்ல பேசும்போது நம்மாளுங்க நிறைய பேர் எல்லாத்துக்கும் ‘வில்’ போட்டுடறாங்க, இல்லன்னா ‘கேன்’. வில் போட்டா வாக்கு குடுத்த மாதிரி ஆயிடும், கேன் போட்டா பல இடத்துல தப்பாவே போயிடும்.

முதல்ல கேன். நாளைக்கு மழை வரலாம்னு சொல்ல ‘இட் கேன் ரெயின் டுமாரோ’ வராது. பொதுவா நடக்கக்கூடிய விஷயத்துக்குத்தான் கேன், ‘இட் கேன் ரெயின் ஹெவிலி இன் சென்னை இன் நவம்பர்’னா சரி. குறிப்பிட்ட ஒரு நாள், ஒரு சம்பவம்னா மே, மைட், குட் (could) இந்த மூணுல ஒண்ணு: ‘இட் மைட் ரெயின் டுமாரோ’. மேவ விட மைட்ல சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க, பேச்சுல அது பெருசா தெரியாது, அதுக்காக மண்டைய உடைச்சுக்காதீங்க. பின்னாடி வர்ற வெர்ப் மட்டும் வெறுமனே இருக்கணும், ‘ஹி மைட் கம்ஸ்’, ‘ஹி மே வில் கம்’ ரெண்டும் வேண்டாம்.

நெகட்டிவ்ல குட் பக்கம் போகாதீங்க. ‘ஷி மைட் நாட் கம்’னா வராம போகலாம். ‘ஷி குட் நாட் கம்’னா வர முடியாம போச்சு, முடிஞ்ச கதை.

இப்ப ஆபீஸுக்கு வருவோம், இங்கதான் இது ரொம்ப முக்கியம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேலை முடியுமான்னு கிளையன்ட் கால்ல கேக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க. ‘வீ வில் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே’ன்னா முடிச்சே ஆகணும், அடுத்த வாரம் அதைத்தான் திருப்பி கேப்பாங்க. ‘வீ ஷுட் ஃபினிஷ்’னு அழுத்தாம சொன்னா எல்லாம் பிளான்படி போனா முடிஞ்சுடும். ‘வீ வில் ப்ராபப்ளி ஃபினிஷ்’, ‘வீ ஆர் லைக்லி டு ஃபினிஷ்’ ரெண்டும் அநேகமா முடியும். ‘வீ மைட் ஃபினிஷ்’னா முடிஞ்சாலும் முடியும், நம்பி உக்காராதீங்கன்னு அர்த்தம். உங்க மனசுல எது இருக்கோ அதையே சொல்லுங்க, பயந்துட்டு வில் போடாதீங்க.

இந்த ஷுட் நல்லது நடக்கும்னு எதிர்பார்க்கறப்பதான் பொருந்தும். ‘த சர்வர் ஷுட் க்ராஷ்’னா க்ராஷ் ஆகணும்னு நாமளே ஆசைப்படற மாதிரி இருக்கு, அங்க ‘இஸ் லைக்லி டு க்ராஷ்’. நடந்தே தீரும்னா ‘இஸ் பவுண்ட் டு க்ராஷ்’. லைக்லி டு போடும்போது முன்னாடி ஆம், இஸ், ஆர்ல ஒண்ண விட்டுடாதீங்க, ‘ஹி லைக்லி டு கம்’ அரைகுறை. ப்ராபப்ளி வில்லுக்கு அப்புறம் வரும், ஆனா வோன்ட்டுக்கு முன்னாடி: ‘ஹி ப்ராபப்ளி வோன்ட் கம்’.

வானம் கருத்துட்டு இப்பவோ அப்பவோன்னு இருந்தா ‘இட்ஸ் கோயிங் டு ரெயின்’. இஃப் வந்தா அந்த பாதியில வில் வேண்டாம்: ‘இஃப் இட் ரெயின்ஸ், த மேட்ச் மே பி கேன்சல்ட்’.

‘டவுட்’ங்கற வார்த்தையிலயும் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. ‘ஐ டவுட் ஹி வில் கம்’னு சொன்னா கேக்கறவங்களுக்கு ‘அவர் வரமாட்டார்னு தோணுது’ன்னுதான் கேக்கும். வந்துடுவாரோன்னு சந்தேகமா இருந்தா ‘ஐ திங்க் ஹி மைட் கம்’னு சொல்லுங்க.