கடற்கரை ஷூட் முடிச்சு வந்த லென்ஸை வீட்லயே க்ளீன் பண்றது எப்படி?

காசிமேட்ல விடியக்காலை மீன் ஏலத்தை ஃபோட்டோ எடுக்கப் போறவங்க, எண்ணூர் பக்கம் பறவை தேடிப் போறவங்க, திருவொற்றியூர்ல பாறை மேல அலை அடிக்கிறதை எடுக்கிறவங்க, முக்கால்வாசி பேருக்கும் வீட்டுக்கு வந்ததும் ஒரே பழக்கம்தான், டீ-ஷர்ட் முனையைப் பிடிச்சு லென்ஸை ஒரு தேய் தேய்ச்சுட்டு பையில போட்டுடுவாங்க. அதை மட்டும் நிறுத்துங்க, பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஏன்னா நம்ம வடசென்னை ஏரியால லென்ஸ் மேல உக்கார்றது வெறும் வீட்டுத் தூசி இல்ல. உப்பு, மணல், அனல்மின் நிலையம் பக்கம் போனா சாம்பலும் சேந்துக்கும். உப்பு கண்ணாடியை விட மெத்துனு இருக்கிற ஐட்டம்தான், மோஸ் கடினத்தன்மை அளவுல 2.5 கிட்ட வரும், கண்ணாடி 5.5 கிட்ட. மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7, வில்லன் அதுதான். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுச்சுன்னா உப்பு தானா தண்ணியை இழுத்து பிசுபிசுன்னு ஆயிடும், நம்ம ஊர்ல அது சர்வசாதாரணம், அந்தப் பிசுபிசுப்புல மணல் ஒட்டிக்கும், அதை அப்படியே தேய்ச்சீங்கன்னா உப்புத்தாள் போட்டு தேய்ச்ச கதைதான்.

முதல்ல, க்ளீன் பண்ணணுமான்னே பாருங்க. மொபைல் டார்ச்சை சாய்வா அடிச்சுப் பாத்தா ஊர்ப்பட்ட தூசி தெரியும், பயப்படாதீங்க, முன் கண்ணாடில நாலு தூசி இருந்தா ஃபோட்டோல தெரியவே தெரியாது. கைரேகை, எண்ணெய்க் கறை, காஞ்ச உப்புத் துளி இதெல்லாம்தான் படத்தை மங்கலாக்கும். எஃப் 16ல, அதாவது லென்ஸ் துவாரத்தை நல்லா சின்னதாக்கி, வானத்தை எடுத்தா எல்லா படத்துலயும் ஒரே இடத்துல கறுப்புப் புள்ளி வருதா? அது லென்ஸ் இல்ல, கேமராக்குள்ள படம் பதியுற சென்சார் மேல இருக்கிற தூசி. லென்ஸை எவ்ளோ தேய்ச்சாலும் போகாது.

இப்போ வேலைக்கு வருவோம். ஃபேனை ஆஃப் பண்ணுங்க, கையைக் கழுவித் துடைங்க, மெத்தை மேல உக்காந்து பண்ணுங்க, நழுவினாலும் தப்பிக்கும். லென்ஸை தரையைப் பாத்த மாதிரி கவுத்துப் பிடிச்சு ரப்பர் ப்ளோயரால (கையால அமுக்கினா காத்து அடிக்கிற பந்து) பத்து பதினைஞ்சு தடவை அடிங்க, தூசி கீழ விழுந்துடும். வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். கேன்ல வர்ற ஏர் ஸ்ப்ரேவும் வேணாம், சாய்ச்சுப் பிடிச்சா உள்ள இருக்கிற திரவம் சில்லுன்னு கண்ணாடி மேல பீய்ச்சும். அதுக்கும் போகாத தூசியை மெல்லிசான லென்ஸ் பிரஷ்ஷால தட்டி விடுங்க, பிரஷ் முடியை விரலால தொட்டுப் பாக்கிற ஆசை வரும், தொட்டா விரல் எண்ணெய் அதுல ஏறிடும்.

இது ரெண்டும் முடிஞ்ச அப்புறம்தான் துணி. காஞ்ச உப்புத் துளி இருந்தா காஞ்ச துணி கூடவே கூடாது. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியோட ஒரு மூலைல டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு சொட்டு விட்டு, கறை மேல சும்மா வச்சு எடுங்க, உப்பு கரைஞ்சு துணிக்கு வந்துடும், அழுத்தாதீங்க. அப்புறம் லென்ஸ் க்ளீனிங் லிக்விட், அதையும் துணில தான் விடணும், நேரா கண்ணாடில விட்டா ஓரத்து இடுக்கு வழியா உள்ள இறங்கிடும். நடுவுல ஆரம்பிச்சு சுத்தி சுத்தி வெளிப்பக்கம் வாங்க, ஒவ்வொரு சுத்துக்கும் துணியோட புதுப் பக்கம். கடைசியா காஞ்ச பக்கத்தால ஒரு தடவை, அவ்ளோதான். ஓரத்துல லேசா கோடு இருந்தா விட்டுடுங்க, அதுக்காக அரைமணி நேரம் தேய்க்கிறவங்கதான் கண்ணாடி மேல இருக்கிற மெல்லிசான கோட்டிங்கைக் காலி பண்றாங்க.

ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே, சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் மூணும் ஆகாது. சானிடைசர்ல கிளிசரின் இருக்கும், படலம் விடும், ரிமூவர்ல இருக்கிற அசிட்டோன் பிளாஸ்டிக்கையே இளக்கிடும். துணியைத் துவைக்கும்போது வாசனைக்குப் போடுற சாஃப்ட்னர் வேணாம், மொட்டை மாடில காயவும் போடாதீங்க, தண்டையார்பேட்டை மாடித் தூசி என்னன்னு உங்களுக்கே தெரியும்.

கேமராவுல மாட்டுற பக்கம் இருக்கிற பின் கண்ணாடில ஜாக்கிரதையா இருங்க, அங்க விழுற கறை படத்துல சீக்கிரம் தெரியும். ப்ளோயர் போதும், கைரேகை பட்டிருந்தா மட்டும் துணி.

இங்க தூசியை விட பெரிய தலைவலி ஃபங்கஸ், ஈரத்துல லென்ஸ் உள்ள வளர்ற பூஞ்சை. தோல் பையில மாசக்கணக்கா போட்டு வைக்காதீங்க. இறுக்க மூடுற பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், ஈரப்பதம் 40லருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதி. அரிசி போட்டு வைக்கிறவங்க இருக்காங்க, அதோட மாவுத்தூசி உள்ள போகும், வேணாம். ஆரஞ்சு ஜெல் பச்சையாவோ நீல ஜெல் பிங்க்காவோ மாறினா ஈரம் குடிச்சு முடிச்சுட்டுதுன்னு அர்த்தம். நீலத்துல கோபால்ட் குளோரைடுங்கிற நச்சு இருக்கு, ஈரத்தைப் போக்குறேன்னு சமையல் பாத்திரத்துல வறுக்காதீங்க, ஆரஞ்சாவே வாங்குங்க. டார்ச் அடிச்சா உள் கண்ணாடில நூல் நூலா கிளை பிரிஞ்சு ஏதாவது தெரிஞ்சுதுன்னா அந்த லென்ஸைத் தனியா எடுத்து வச்சுட்டு சர்வீஸ்ல குடுங்க, யூடியூப் பாத்து ஸ்க்ரூடிரைவர் எடுக்காதீங்க.